பின்காற்றில் இறங்கிய வால்சக்கர விமானம்: ஒரு மலைச்சரிவு ஓடுபாதையில் நடந்தது

ஹப்புத்தளை ரயில் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் தெற்கே சமவெளி முழுக்கத் துல்லியமாகத் தெரியும். பதினொரு மணிக்கெல்லாம் காட்சி மாறிவிடும். வெயிலில் சரிவு சூடேறியதும் கீழேயிருந்து காற்று மேலே ஏறத் தொடங்கும். கூடவே மூட்டமும் ஏறி வந்து தண்டவாளத்தைத் தாண்டி ஊவாப் பக்கம் கொட்டும். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்த மூட்டம் வரும் வேகத்தைப் பார்த்தே, இடுப்பில் சுற்றும் படங்கை எப்போது கட்டுவது என்று முடிவுசெய்வார்கள்.

நான் அந்தக் காற்றில் வளர்ந்தவன். அப்படியிருந்தும் வேறொரு நாட்டு மலையில் அதே காற்று அடித்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு சிறிய வால்சக்கர விமானத்தை இறக்கினேன். விமானம் உடைந்தது. உள்ளே இருந்த இருவருக்கும் கீறல்கூட இல்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் என் அக்காவின் மகன். இரத்மலானையில் விமானப் பயிற்சிக்குச் சேரப்போகிறவன், பண்டாரவளையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில் கேட்டான்: "மாமா, பின்காற்றுல இறங்கினா கொஞ்சம் கூடுதலா ஓடும், அவ்வளவுதானே?" அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூடுதலாக ஓடும் என்பது பாதிதான். மீதிப் பாதிதான் எங்கள் விமானத்தை உடைத்தது.

இடமும் விமானமும்

நியூசிலாந்தின் மலைப்பண்ணைகளில் சின்னச் சின்னப் புல் ஓடுபாதைகள் நிறைய உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கு உரம் தூவும் விமானங்களுக்காகச் சரிவிலேயே அமைத்தவை. பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள்: மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது சரிவு வேகத்தைக் குறைக்கும், கிளம்பும்போது அதே சரிவு வேகத்தைக் கூட்டும். நாங்கள் இறங்கிய பாதை 420 மீட்டர் நீளம். கீழ்ப்பாதி ஏறக்குறைய சமதரை, மேல்பாதி ஏற்றம். மேல்முனையில் காற்றுத் தடுப்புக்காக நெருக்கமாக நட்ட பைன் மர வரிசை. காற்றின் திசையைக் காட்டும் துணிப்பையை அந்த மரங்களுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் பைப்பர் சூப்பர் கப். 1949இல் வந்த வகை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, துணி போர்த்திய இறக்கை. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலுக்கடியில் உள்ளங்கை அளவில் ஒரு சின்னச் சக்கரம். நம் நாட்டுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் சேவையைத் தொடங்கிய டக்கோட்டாவும் வால்சக்கர விமானம்தான். 1951இல் உருவான விமானப்படை தொடக்கத்தில் பயிற்சிக்கு வைத்திருந்த சிப்மங்கும் அப்படித்தான். பிற்பாடு மூக்குக்கடியில் சக்கரம் வைத்த விமானங்கள் பரவியதால், இன்றைக்குப் பயிற்சி பெறும் பிள்ளைகள் பலர் வால்சக்கரத்தைத் தொடாமலேயே உரிமம் எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு அப்போது மொத்தம் 140 மணித்தியாலப் பறப்பு அனுபவம். வால்சக்கர விமானத்தில் 31. தனியாகப் பறக்கத் தேவையான அளவு தெரியும், எது தெரியாது என்று தெரிகிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

அன்று பிற்பகல்

பெப்ரவரி மாதம், அங்கே கோடை. அதே நாள் காலையில் பயிற்சியாளரோடு அதே பாதையில் மூன்று முறை இறங்கியிருந்தேன். காற்றே இல்லை, மூன்றும் நன்றாக அமைந்தன. மத்தியானம் வேலை முடிந்து வந்த என் தலவாக்கலை நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பப் போனேன். காலையில் இறங்கிய இடம்தானே என்ற தைரியம்.

மேலே வந்தபோது மணி மூன்று நாற்பது. துணிப்பையைப் பார்த்தேன், தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அப்போது கீழே பண்ணைப் பாதையில் ஒரு வண்டி மேட்டைப் பார்த்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து நண்பன் சொன்னான்: "மச்சான், தூசி வண்டிய முந்திக்கிட்டுப் போகுது பாரு." நானும் பார்த்தேன். வண்டி கிளப்பிய தூசி பின்னால் தங்காமல், வண்டியைத் தாண்டி மேட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, அந்தத் தூசியைத் தள்ளும் காற்று இன்னும் இரண்டு நிமிடத்தில் என் வாலுக்குப் பின்னால் இருக்கப் போகிறது என்று யோசிக்கவில்லை. விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் அன்றைய காற்றைச் சரியாகப் படித்துச் சொன்னான். உரிமம் வைத்திருந்த நான் கேட்கவில்லை.

கடைசி நேர்க்கோட்டுக்குத் திரும்பியதும் எல்லாமே வேகமாகத் தெரிந்தது. வேலி, ஆடுகள், மரம் எல்லாம் சட்சட்டென்று பின்னால் ஓடின. காற்றோடு ஒப்பிட்ட வேகத்தைக் காட்டும் வேகமானியில் 52 நொட், அதாவது மணிக்கு 96 கிலோமீட்டர் வாக்கில். அது சரியான அளவுதான். ஆனால் கண் அதை நம்பவில்லை. கை தன்னாலேயே பவரைக் குறைத்து மூக்கைத் தூக்கியது, முள் 47க்கு இறங்கியது. நல்லவேளை, முள்ளைப் பார்த்துவிட்டேன். மூக்கைத் தாழ்த்திச் சரிசெய்தேன். பின்காற்றில் இறங்குகிறவர்கள் தரையைத் தொடும் முன்பே விழுந்து செத்திருப்பது இந்த இடத்தில்தான். தரை ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, இறக்கைக்குத் தேவையான வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இறக்கைக்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை. தன்மேல் ஓடும் காற்று போதாவிட்டால் அது தூக்குவதை நிறுத்திவிடும்.

தொட நினைத்த இடத்தைத் தாண்டி விமானம் மிதந்துகொண்டே போனது. தரைக்கு அருகே காற்று பெரும்பாலும் தளர்ந்திருக்கும். மேலே பலமாகத் தள்ளிய பின்காற்று கீழே வர வரக் குறையும்போது, இறக்கைக்குக் கிடைக்கும் வேகம் சில கணங்களுக்குக் கூடிவிடும். அதனால் விமானம் இறங்க மறுக்கும். நினைத்த இடத்துக்கு அப்பால் 90 மீட்டர் தள்ளித்தான் மூன்று சக்கரமும் புல்லைத் தொட்டன. மெதுவாக, அழகாகத் தொட்டன. நண்பன் கைதட்டினான்.

அடுத்த சில விநாடிகளில் நடந்தது இது. மூக்கு ஒரு சாண் இடப்பக்கம் திரும்பியது. மூக்கை வலப்பக்கம் திருப்பும் வலது பெடலை மிதித்தேன். கேட்கவில்லை. முழுக்க மிதித்தேன், பெடல் கடைசிவரை போய் முட்டி நின்றது. மூக்கு இன்னும் இடப்பக்கமே போனது. பெடலுக்கும் விமானத்துக்கும் இருந்த தொடர்பையே யாரோ அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. வலது பிரேக்கை அழுத்தினேன். உடனே வால் எழும்பியது, இருக்கை லேசானது, முன்கண்ணாடியில் புல் பெரிதாகத் தெரிந்தது. கவிழப்போகிறது என்று பயந்து பிரேக்கை விட்டேன். வால் விழுந்தது. விழுந்த வேகத்தில் விமானம் இடப்பக்கமாகச் சுழன்றது. வலது இறக்கை நுனி தரையில் இழுபட்டது, வலது சக்கரக் கால் மடங்கியது, புரொப்பெல்லர் மண்ணில் குத்தி நின்றது.

அப்புறம் அமைதி. பின்சீட்டிலிருந்த தேநீர் ஃப்ளாஸ்க் உருண்டு வந்து என் குதிகாலுக்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டு விநாடி முந்தி வந்திருந்தால் பெடலுக்கடியில் சிக்கியிருக்கும். நசுங்கிய பச்சைப் புல் வாசமும் சூடான பிரேக் வாசமும் கலந்து வந்தன. விமானம் அரைவட்டம் அடித்துத் திரும்பி, வந்த வழியையே பார்த்து நின்றது. பக்கவாட்டுக் கதவைத் தூக்கினேன். காற்று பளாரென்று முகத்தில் அடித்தது. அன்று அந்தக் காற்றை நான் உணர்ந்தது அப்போதுதான்.

ஏன் நடந்தது

கைத்தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். தரையைத் தொட்டபோது தரைவேகம் 54 நொட். அந்த எடையில் விமானம் தொடும் காற்றுவேகம் 44 வாக்கில். ஆக, பின்காற்று 10 நொட். கொஞ்சம் இடப்பின் பக்கமிருந்து வந்திருக்கிறது.

இதே 10 நொட் எதிரே இருந்து வந்திருந்தால் 34இல் தொட்டிருப்பேன். பிரேக்கும் புல்லும் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 54க்கும் 34க்கும் இடையில் அது இரண்டரை மடங்கு. காற்றே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு. இறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தால் இறங்கும் தூரத்தை 20 வீதம் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது பிரித்தானிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டி. ஈரப் புல்லுக்கு 35 வீதம். இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இதுவரைக்கும் என் மருமகன் சொன்னதுதான்: கூடுதலாக ஓடும்.

ஆனால் அன்று பாதை தீர்ந்துபோகவில்லை. சுழன்று நின்ற இடத்துக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே இன்னும் நூறு மீட்டருக்கு மேல் புல் இருந்தது. நீளம் போதாமல் உடைந்த விமானம் இல்லை அது.

வால்சக்கர விமானத்தில் பாரத்தின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் மருமகனை ஊரில் ஒரு சுப்பர் மார்க்கெட் வாசலுக்குக் கூட்டிப் போனேன். தள்ளுவண்டியில் பத்துக் கிலோ அரிசிப் பையைப் போட்டு, சிமெந்துத் தரையில் முன்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளி விடச் சொன்னேன். நேராகப் போய் நின்றது. அப்புறம் அதையே பின்பக்கமாகத் தள்ளி விடச் சொன்னேன். இரண்டு முழம் போவதற்குள் தானாகத் திரும்பி, பின் முன்னாகிவிட்டது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே. திரும்பாத நிலைச் சக்கரங்கள் முன்னால் போய், பாரம் அவற்றுக்குப் பின்னால் வந்தால், சின்னக் கோணலையும் அந்தப் பாரமே பெரிதாக்கிவிடும். மூக்குச்சக்கர விமானத்தில் பாரம் முன்னால் இருப்பதால் கோணல் தானாகச் சரியாகும். வால்சக்கரத்தில் ஓட்டுகிறவனின் கால்தான் ஒவ்வொரு கணமும் அதைச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கால் பிடித்திருப்பது எதை? வாலில் நிற்கும் சுக்கானை. சுக்கானுக்கு உயிர் கொடுப்பது அதன்மேல் ஓடும் காற்று. இங்கேதான் பின்காற்று கழுத்தைப் பிடிக்கிறது. 30 நொட் தரைவேகத்தில் உருண்டுகொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 10 நொட் காற்று இருந்தால் சுக்கானின்மேல் ஓடுவது 40. பின்னால் 10 இருந்தால் வெறும் 20. வேகம் பாதியானால் விசை நான்கில் ஒன்று. ஒரே விமானம், ஒரே உருளல், ஒரே மிதி. கிடைப்பது கால்வாசி.

இன்னொரு விதமாகப் பாருங்கள். காற்றுவேகம் 20 நொட்டுக்குக் கீழே போனால் சுக்கான் செத்துவிடும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் அந்தக் கட்டம் வரும்போது விமானம் 10 நொட்டில் உருண்டுகொண்டிருக்கும், சைக்கிள் வேகம். அப்போது கோணலானாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பின்காற்றில் அதே கட்டம் 30 நொட்டிலேயே வந்துவிடும். ஒன்பது மடங்கு ஆற்றலோடு ஓடும் விமானத்தில் சுக்கான் இல்லை. அந்த 30க்கும் 10க்கும் நடுவே உள்ள சில விநாடிகளில்தான் நான் பெடலை முட்ட மிதித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜிபிஎஸ் பதிவிலும் கோடு வளையத் தொடங்கிய இடத்தில் 29 என்றுதான் இருந்தது.

இடப்பின் பக்கமிருந்து வந்த காற்று வாலை வலப்பக்கம் தள்ளியது, மூக்கு இடப்பக்கம் போனது. வால்சக்கரத்துக்கும் பெடலோடு இணைப்பு உண்டு. ஆனால் அது சுருள்வில் வழியாகத்தான் திரும்பும். ஒரு அளவுக்கு மேல் கோணலானால் பிடி விட்டுத் தன் பாட்டில் சுழலும்படி அமைத்திருப்பார்கள், தரையில் விமானத்தைத் தள்ளித் திருப்ப வசதியாக. எங்கள் சக்கரமும் அப்படிப் பிடி விட்டிருந்தது. மிஞ்சியது பிரேக். அதை அழுத்தினால் வாலைக் கீழே அமுக்கிப் பிடிக்கவும் காற்று வேண்டும். வாலை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை வயிற்றுவரை இழுத்துப் பிடித்திருந்தும் அந்த அமுக்கு விசையும் கால்வாசிதான். அதனால்தான் வால் எழும்பியது. விமானம் மெதுவாகி, பின்காற்றின் வேகம் உருளும் வேகத்தை மிஞ்சினால் நிலைமை தலைகீழாகிவிடும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் காற்று அடியில் புகுந்து வாலைத் தூக்கும். அப்போது முன்னால் தள்ள வேண்டும். தரையில் மெல்ல உருட்டிப் போகும்போது இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். இறங்கிய ஓட்டத்தின் கடைசியிலும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

துணிப்பை ஏன் பொய் சொன்னது?

அது பொய் சொல்லவில்லை. பைன் மரங்களின் தடுப்பில், மலை மடிப்புக்குள், அதன் இடத்தில் உண்மையாகவே காற்று இல்லை. கீழ்முனையில், பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும் இடத்தில்தான் காற்று வீசியது. ஒரே 420 மீட்டரில் இரண்டு விதக் காற்று. மேட்டை நோக்கித்தான் இறங்க முடியும், பிற்பகலில் காற்றும் மேட்டை நோக்கித்தான் வீசும். ஆகவே வெயிலுள்ள எல்லாப் பிற்பகலிலும் அந்தப் பாதையில் இறங்குவது பின்காற்றில் இறங்குவதுதான். காலையில் பழகியவனுக்கு அது தெரியாது. ஏற்றம் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் என்ற ஆறுதலும் என்னைக் கெடுத்தது. ஏற்றம் தூரத்தைக் குறைக்கும், சுக்கானுக்குக் காற்றுத் தராது.

மறுபடி மேலே எழும்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். மிதந்துகொண்டிருந்தபோதே அந்த வாய்ப்பு போய்விட்டது. எதிரே மலை. பின்காற்றில் விமானம் தரையோடு கூடுதல் தூரம் ஓடிக் குறைவாகத்தான் ஏறும். அந்த முடிவை 500 அடியிலேயே எடுத்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் 63 என்றும் வேகமானி 52 என்றும் காட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் போதும். தொட்டியில் இரண்டு மணித்தியாலத்துக்கு எரிபொருள் இருந்தது. இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய நீளமான ஓடுபாதை இருபது நிமிடத் தூரத்தில் இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அம்மாவிடம் ஆறு மாதம் சொல்லவில்லை. அவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்த இரவை நினைவில் வைத்திருப்பவர். விமானம் என்றாலே அவருக்கு அந்த மலைதான். கடைசியில் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார்: "காத்து எந்தப் பக்கம்னு பாக்கலியாப்பா?"

நம் மலைகளில்

நம் மலைநாட்டில் சின்ன விமானம் இறங்கும் இடங்கள் மிகக் குறைவு. காசல்ரீ, பொல்கொல்லை நீர்த்தேக்கங்களில் நீர்விமானங்கள் இறங்கியிருக்கின்றன. தண்ணீரில் இறங்குகிறவருக்குக் காற்றைப் பார்த்துத் திசையைத் தெரிவுசெய்யக் கொஞ்சமாவது இடமுண்டு, சரிவில் வெட்டிய பாதையில் அது இல்லை. ஆனால் காற்று அதே காற்றுதான். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும், இரவில் இறங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்டு விழும். கச்சான் என்று பெரியவர்கள் சொல்லும் காற்று அது. முகட்டுக்குப் பின்னால் அது நேராக வராது. சுழன்று, நின்று, திடீரென்று எதிர்ப்பக்கமிருந்தும் அடிக்கும்.

உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல், நுவரெலியா 1,868 மீட்டர். மெல்லிய காற்றில் வேகமானி 44 காட்டும்போதே விமானம் உண்மையில் 47, 48இல் போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் பின்காற்று ஏறினால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இன்னும் மோசமாகும்.

இப்போது நான் செய்வது இதுதான். பழகிய பாதையாக இருந்தாலும் மேலே ஒரு முழு வட்டம் அடித்து, எந்தப் பக்கம் தள்ளப்படுகிறேன் என்று பார்ப்பேன். குளமிருந்தால் எந்தக் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது என்று பார்ப்பேன், காற்று அந்தக் கரையிலிருந்துதான் வருகிறது. 500 அடியில் தரைவேகம் காற்றுவேகத்தைவிட 5 நொட் கூடுதலாக இருந்தால் வால்சக்கர விமானத்தை இறக்குவதில்லை. ஒருவழிப் பாதைக்குக் காலையில் மட்டும் போவேன். பின்னால் இருப்பவர் எதையாவது காட்டினால் திரும்பிப் பார்ப்பேன்.

மருமகன் இப்போது இரத்மலானையில் இருக்கிறான். போன வாரம் இரவு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். காலையில் 04ஆம் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். மத்தியானம் கடற்காற்று எழும்பியதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, அதே பாதையின் எதிர்த்திசையான 22க்கு மாற்றச் சொன்னார்களாம். "அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுது மாமா. கீழ ஒருத்தர் குப்பை கொளுத்திக்கிட்டு இருந்தார். புகை எங்க பின்னாலேருந்து முன்னால போச்சு."